துண்டுக்குள் ஒரு கை

அன்றைக்கு ராமசெல்வியின் நாவல் வாசிப்புக்காக அவள் வீட்டு மாடியறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் பரசுராமன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மாத நாவல் ஒன்றைச் சுருட்டி விசிறிபோல் பிடித்திருந்தார். கட்டில் விளிம்பில் ஜீனத், ராயபுரத்தில் டி.டி.பி. கடை வைத்திருப்பவள், ராமசெல்வி கையால் எழுதுவதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுப்பவள். வாசற்படியில் டில்லிபாபு, காசிமேட்டில் மீன் வேன் ஓட்டுகிறவன், தன் சட்டை வாடை உள்ளே வரக்கூடாது என்று எப்போதும் பாதி உடம்பை வெளியே வைத்துத்தான் உட்காருவான். மேசையை ஒட்டி, எல்லோரையும் பார்த்தபடி, ராமசெல்வி. அவளுடைய ஒன்பது வயது மகள் ஷாலு உள்ளறையில் பாயில் படுத்திருந்தாள். அவளைக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை.

மடக்கு நாற்காலி ஒன்று சும்மா கிடந்தது. அதன் முதுகில் ஓர் ஈரோட்டுத் துண்டு. துண்டின் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

ராமசெல்வி அதைப் பார்த்தாள். துண்டைத் துவைத்தது வியாழக்கிழமை. இது ஞாயிறு மாலை நான்கு மணி. மழை இன்னும் பிடிக்கவில்லை. திருவொற்றியூர் வெயிலில் கொடியில் போட்ட துணி அரை மணியில் அப்பளமாகிவிடும், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதற்குள் ஓடிப்போய் எடுக்க வேண்டும். அப்படி எடுத்து மடித்துப் போட்ட துண்டுதான். இன்னொரு சொட்டு விழுந்தது. வாசிக்கிற நேரத்தில் எழுந்து போனால் நன்றாக இருக்காது என்று அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

நாவலின் பெயர் 'உப்புச் சந்தை'. கடலுக்கடியில் ஒரு சந்தை. மூழ்கிப்போனவர்கள் அங்கே வியாபாரிகள். உயிரோடு இருப்பவர்கள் சரக்கு. இதை எழுத வேண்டும் என்று பதினோரு வருஷமாக அவள் மனதில் கிடந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் படித்தவள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை தவறாமல் கடிதம் எழுத அந்தப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது. சரக்கு அனுப்பும் கம்பெனியில் கடிதம் எழுதும் வேலையைச் சம்பாதித்துக் கொடுத்ததும் அதுதான். நாவலையும் அதே ஒழுங்கில்தான் தொடங்கினாள். ஒரு நோட்டு. அதில் ஒவ்வொரு சங்கதிக்கும் நேரே 'எங்கிருந்து எடுத்தது' என்று ஒரு கட்டம். ஊர் வாடகை நூலகத்தில் படித்த உள்ளங்கை அளவு மந்திரவாதிப் புத்தகங்களிலிருந்து, உயிரை வேறோர் இடத்தில் ஒளித்து வைக்கும் வித்தை. முதல் பக்கத்தில் வரைபடம் போட்ட வெளிநாட்டு நாவல்களிலிருந்து, முகம் காட்டாத அரசன். பரசுராமனின் மாத நாவல்களிலிருந்து, பத்தாம் பக்கத்துக்குள் ஒரு பிணம். ஜீனத் வீட்டில் பேசப்படும் ஜின் கதைகளிலிருந்து, வந்ததை வர்ணிக்கக் கூடாது என்ற அடக்கம். கடைசிப் பக்கத்தில் விதிகள். ஏழாவது விதியைச் சிவப்பு மையில் கோடிட்டிருந்தாள்: இருண்ட கதையில் எந்த மாயத்துக்கும் ஒரு விலை உண்டு, கொடுக்கிறவருக்கு அது முன்கூட்டித் தெரியக்கூடாது.

வரைபடம் இருந்தது, விதி இருந்தது, கதை மட்டும் வரவில்லை. பதினோரு வருஷத்தில் நாற்பது பக்கம் எழுதி நாற்பதையும் கிழித்தாள். பிறகு ஆடி மாதம் ஒரு மத்தியானத்தில் மடை திறந்தது. பத்து வாரத்தில் அடுக்கடுக்காகப் பக்கங்கள். கோயம்புத்தூரில் ஒரு பதிப்பாளர் அவற்றைப் படித்துவிட்டு, தமிழில் டார்க் ஃபேன்டசிக்கு இப்படி ஒரு குரல் வந்ததில்லை என்று போனில் கத்தினார்.

அவள் வாசித்தது சந்தை அத்தியாயம். தரகன் வருகிறான். அவன் வாய் பேசுவதில்லை. ஈரத் துண்டு ஒன்றை விற்பவளின் கைமேல் போர்த்தி, அதற்கடியில் தன் கையை நுழைத்து விரல்களைப் பிடிக்கிறான். அந்தக் கையின் குளிர்ச்சி, நுங்கின் தசைபோல் வழுக்கி வழுக்கி இறுகும் அதன் பிடி, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று மெல்ல நகர்வது என்று ஒரு பக்கம் முழுக்கப் போயிற்று. வெளியே கன்டெய்னர் லாரிகள் போகிற அதிர்வில் ஜன்னல் கம்பி கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. வாசிப்பு பாதி வாக்கியத்தில் நின்றது. நேற்றிலிருந்து இதற்குமேல் ஒரு வரிகூட வரவில்லை, குழாயை மூடியதுபோல் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பரசுராமன் வழக்கம்போல் ஆரம்பித்தார். தரகனுக்கு ஒரு முன்கதை வேண்டும், அவனை யார் கொன்றது என்று சொல்லாவிட்டால் வாசகன் காறித் துப்புவான் என்றார். ஜீனத் மறுத்தாள். சொல்லிவிட்டால் அது போலீஸ் கதை, சொல்லாவிட்டால்தான் பயம் என்றாள். உனக்குப் பயம் வேண்டுமென்றால் என் பென்ஷன் ஆபீசுக்கு வா என்று அவர் சொல்ல, அவள் சிரித்தாள். இந்தத் தகராறு வாரா வாரம் நடப்பது. ஆனால் இந்தத் தகராறில் எப்போதும் நடுவில் புகுந்து, வெளிநாட்டு டிராகன் காசிமேட்டுக்கு வந்தால் அதையும் ஏலம் போட்டுவிடுவோம் என்று கலாய்க்கும் டில்லிபாபு இன்றைக்கு வாயே திறக்கவில்லை. துண்டுச் சங்கதியை ராமசெல்விக்குச் சொன்னவன் அவன்தான். அவன் அப்பா புளியந்தோப்புப் பக்கம் மாட்டுத் தரகராக இருந்தவர். விலை அடுத்தவன் காதில் விழாமல் இருக்கத் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் முறையை ஒரு நாள் அவன் சொல்ல, அவள் நோட்டில் 'எங்கிருந்து எடுத்தது: டில்லிபாபு' என்று எழுதி வைத்திருந்தாள்.

"யக்கா," என்றான் அவன், படியைப் பார்த்துக்கொண்டே. "வெரல் கணக்கு நான் சொன்னேன். அந்தக் கை சில்லுனு, எலும்பு இல்லாத மாரி கீதுன்னு நான் சொல்லலியே. அத்த எங்கேர்ந்து புட்ச்ச?"

ராமசெல்வி கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். ஆடி மாதத்து மத்தியானம், கரண்ட் இல்லை. தரகன் கட்டத்தை எழுத முடியாமல் தவித்தாள். ஈரத் துணிக்குள் கை எப்படி உணரும் என்று தெரிந்துகொள்வதற்காக இந்தத் துண்டை நனைத்துத் தன் வலதுகைமேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் துண்டுக்குள் ஏதோ அவளுடைய விரல்களைப் பிடித்தது. கற்பனைதான், வெயில் மயக்கம்தான். எழுதுகிறவளுக்கு அப்படி ஒரு கற்பனை வாய்ப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம். அன்றைக்கு உட்கார்ந்தவள் ராத்திரிச் சாப்பாடுவரை எழுந்திருக்கவில்லை, அத்தனை வேகம்.

"கைய இஸ்துக்கினியா?"

"இல்ல தம்பி. எழுதணும்லா. எப்படி இருக்குன்னு கவனிச்சுட்டே இருந்தேன்."

டில்லிபாபு தலையைச் சொறிந்தான். அவன் சொல்ல மறந்த பாதியை இப்போது சொன்னான். அந்தத் தொழிலில் வாய் வார்த்தையே கிடையாது. வாங்குகிறவன் விரலை அழுத்துவான். விலை பிடிக்கவில்லையென்றால் விற்கிறவன் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துக்கொள்ளாமல் சும்மா இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். விற்றாயிற்று, பிறகு பேச்சில்லை.

பரசுராமன் தொடையைத் தட்டினார், இதையே அடுத்த அத்தியாயமாக வைக்கச் சொன்னார். டில்லிபாபு அவர் பக்கம் திரும்பவில்லை.

"எத்தினி வெரலு?"

"ரெண்டு."

"ஒரு வெரலுன்னா நூறு," என்றான் டில்லிபாபு, முக்கால்வாசி தனக்குள்.

ஜீனத் வாசித்து முடித்த பக்கங்களை மடியில் வாங்கித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரல் கடைசிப் பக்கத்தின் அடியில் போய் நின்றது. நின்றது, நகரவில்லை. ராமசெல்வி எட்டிப் பார்த்தாள். பாதி வாக்கியம். அதற்குக் கீழே எண். இருநூறு.

துண்டிலிருந்து சொட்டு விழும் சத்தம் இப்போது எல்லோருக்கும் கேட்டது.

"யக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. விக்கறவன் ஒரு கைய துண்டுக்குள்ள வுடுவான். இன்னொரு கையில கயித்த புட்சிகினு இருப்பான். எத்த புட்சிகினு கீறானோ அத்தத்தான் விக்கறான்." அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "அன்னிக்கு உன் எடது கையில இன்னா இருந்திச்சு?"

அவள் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு ஷாலுவுக்குக் காய்ச்சல். மேசைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தாள். சூடு ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக இடதுகையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கடைசிவரை விடவில்லை.

உள்ளறையில் பாய் சரசரத்தது. பிள்ளை புரண்டு படுத்திருப்பாள்.

*

அவர்கள் போனபிறகு ராமசெல்வி அந்தத் துண்டை முறுக்கிப் பிழிந்தாள். பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. கிணற்றுத் தண்ணீரின் வாடையோ லாரித் தண்ணீரின் வாடையோ அதில் இல்லை. கடல் பின்வாங்கும்போது பாறையிடுக்கிலிருந்து கிளம்புமே, துருவும் பாசியும் செத்த நண்டும் கலந்த ஒரு வாடை, அது. துண்டைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டு, கூடையைத் தூக்கிப்போய்த் தெருமுனைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

ஷாலு எழுந்து உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் மங்கும் நேரம். ஜன்னலில் அடர் ஆரஞ்சு நிறத்தில் புகைமூட்டம்.

"அந்த மாமா போயிட்டாங்களாம்மா?"

"டில்லி மாமாவா? இப்பதான் போனாங்க."

"அவங்க இல்ல. மடக்கு நாற்காலில இருந்தாங்கள்ல, அவங்க."

"அதுல யாரும் இல்லியேட்டி."

"இருந்தாங்க. நீ வாசிக்கும்போது எந்திச்சு இங்க வந்தாங்க. என் வாயைத் தொறந்து பல்ல எண்ணுனாங்க." ஷாலு சாதாரணமாகச் சொன்னாள், பள்ளியில் நடந்த மருத்துவ முகாமைப் பற்றிச் சொல்வதுபோல. "தலைமுடியை விலக்கிப் பாத்தாங்க. காலைத் தூக்கிப் பாத்தாங்க. முதுகைத் தட்டிக் குடுத்தாங்க."

பிள்ளையின் உச்சந்தலையில், சுழி இருக்கும் இடத்தில், முடி இரண்டாக வகிர்ந்து ஈரமாகக் கிடந்தது. ராமசெல்வி அவளுடைய உதட்டைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்தாள். உப்பு.

புருஷன் சிவந்தி கடையை அடைத்துவிட்டு வந்ததும் அவனிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மிளகாய் மொத்த வியாபாரம் அவனுக்கு; தும்மல் வராத மனுஷன், அதிர்ச்சியும் வராது. பொறுமையாகக் கேட்டான். பிள்ளை பக்கத்தறையில் இருக்கும்போது பேய்க்கதையைச் சத்தம் போட்டு வாசித்தால் அது என்னத்தைக் கனவு காணும் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அன்று பிள்ளையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்தாள்.

*

திங்கட்கிழமை அவள் லீவு போட்டு, ஷாலுவையும் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தாள்; மத்தியானம் டில்லிபாபு வேனோடு வந்து நின்றான். அவன் கண் சிவந்திருந்தது. தப்பு தன்னுடையது, பாதி சொல்லிப் பாதி விட்டவன் தான்தான் என்று இரண்டு தடவை சொன்னான். அப்பாவோடு தொழில் செய்த ஒரு கிழவரை வியாசர்பாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். கதைக்காகக் கேட்பதாகச் சொல்லித்தான் கேட்டானாம். முடிந்த வியாபாரத்தை முறிக்க ஒரே ஒரு வழி உண்டு. விலையாக வாங்கினது அத்தனையையும், ஒன்று குறையாமல், வாங்கினவன் கூட்டிப்போக வருவதற்குள் திருப்பிவிட வேண்டும்.

"வர்றவன் புதுக் கயிறு எட்த்துனு வருவானாம். நம்ம கயிறு நம்ம கையிலியே நின்னுடும், அத்த தர மாட்டாங்களாம். அதுக்கு முன்னாடி மாட்டு முதுகுல முத்திரை போடுவான், சாயத்துல. முத்திரை வுழுந்துட்சின்னா அப்பால நேரம் இல்லக்கா."

ராமசெல்வி உள்ளே போனாள். ஷாலுவின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

மூன்று பேரும் வேனில் ஏறினார்கள். கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய கரையில், மத்தியான வெயிலில், அவள் கையெழுத்துப் பிரதியைப் பிரித்தாள். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்தது. நல்ல எழுத்து, அவளுக்கே தெரியும், இனி இப்படி எழுத வராது. ஒரு கையால் ஷாலுவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒவ்வொரு பக்கமாக விட்டாள். காகிதம் மிதக்கும், அலை அதைக் கல்லிடுக்கில் கொண்டுவந்து ஒதுக்கும் என்று நினைத்தாள். ஒன்றுகூட மிதக்கவில்லை. தண்ணீரைத் தொட்டதும் ஒவ்வொரு தாளும் தட்டையாக, நேராக, அடியில் யாரோ வாங்கி அடுக்குவதுபோல் இறங்கிப் போயிற்று. இருநூறும். டில்லிபாபு எண்ணிக்கொண்டே இருந்தான்.

ராயபுரத்தில் ஜீனத் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தாள். பென்டிரைவில் இருந்ததை அழித்தாள். அச்செடுத்த பிரதியைக் கடையின் பின்கட்டில் போட்டுக் கொளுத்தி, கரியைக் கவரில் கட்டிக் கொடுத்தாள். அதையும் கடலில் கரைத்தார்கள்.

மிச்சம் இருந்தது ஒன்று. கோயம்புத்தூர்ப் பிரதி.

பதிப்பாளர் போனில் சிரித்தார். எழுத்தாளர்களுக்குக் கடைசி நேரத்தில் இப்படி நடுக்கம் வருவது சகஜம் என்றார். அவள் கெஞ்சினாள். பிரதியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், எனக்குப் புத்தகம் வேண்டாம் என்றாள். அவர் குரல் மாறியது. ஒப்பந்தம் போட்டது போட்டதுதான். திரும்பப் பெறுவதானால் கையெழுத்துப் போட்டுக் காரணத்தோடு கடிதம் வரவேண்டும், தபாலில், அசல். போனில் சொல்வதை வைத்தும் வாட்ஸப்பில் அனுப்புவதை வைத்தும் தான் ஒரு பக்கத்தையும் கிழிக்க முடியாது.

அன்று மாலை ஷாலுவைக் குளிப்பாட்டினாள். சோப்பு போட்டு முதுகைத் தேய்க்கும்போது நுரை சாம்பல் நிறமானது. தண்ணீர் ஊற்றினாள். தோள்பட்டைகளுக்கு நடுவில் இரண்டு விரல் தடங்கள். ஈரச் சாம்பலைத் தொட்டு அழுத்தி இழுத்தது போல. தேய்த்தாள். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். பிள்ளை வலிக்கிறது என்று அழுதாள். சுற்றிலும் தோல் சிவந்தது. தடம் அப்படியே இருந்தது.

*

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கடிதம் எழுத உட்கார்ந்தாள். உலகத்தில் அவளுக்குச் சரியாகச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அது. அனுப்புநர். பெறுநர். பொருள்: 'உப்புச் சந்தை' நாவல் பிரதியைத் திரும்பப் பெறுதல் மற்றும் அழித்தல் தொடர்பாக. மேற்படி நாவலை முழுவதுமாக, எந்தப் பகுதியையும் என்னிடம் வைத்துக்கொள்ளாமல், எந்தப் பயனையும் கோராமல் திருப்பித் தருகிறேன் என்ற வாக்கியத்தை அடிக்கோடிட்டாள். அது பதிப்பாளருக்காக மட்டும் எழுதிய வாக்கியம் அல்ல. தேதி, இடம், கையெழுத்து.

சிவந்தி கடைக்குப் போயிருந்தான். பிள்ளையைத் தனியே விடுவதற்கில்லை. தன் முந்தானை நுனியை ஷாலுவின் மணிக்கட்டில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டாள். பிள்ளை எதிர்த்துக் கேட்கவில்லை. நேற்று மாலையிலிருந்து அவள் எதற்கும் எதிர்த்துக் கேட்பதில்லை. சொன்னால் எழுந்தாள், சொன்னால் நடந்தாள், நின்றால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள்.

தபால் நிலையத்தில் ஏழெட்டுப் பேர் வரிசை. மின்விசிறி சத்தம். அரக்கும் பசையும் பழைய காகிதமும் கலந்த வாசனை. அவளுக்கு எப்போதும் பிடித்தமான வாசனை. அதன் அடியிலிருந்து மெல்ல, முதலில் சந்தேகம்போல, பிறகு சந்தேகமில்லாமல், பின்வாங்கும் கடலின் வாடை.

"அம்மா," என்றாள் ஷாலு. "புதுக் கயிறு கொண்டாந்திருக்காங்க."

ராமசெல்வி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நேரமாகும். அவசரம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கும்பிட்டு, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி முன்னால் போனாள். மேசையில் பசைக் கிண்ணம். கடிதத்தை உறைக்குள் வைத்தாள். மடிப்பில் பசை தடவினாள். அழுத்தினாள். ஓர் ஓரம் தூக்கிக்கொண்டது. மறுபடி அழுத்தினாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒட்டிக்கொண்டது.

கண்ணாடித் தடுப்பின் அடியில் அரைவட்டத் திறப்பு. உறையை வலதுகையால் அதற்குள் நீட்டினாள்.

விரல்களைப் பிடித்தது.

சில்லென்று. வழுக்கி. இறுகி.

உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாளின் இரண்டு கைகளும் தராசின்மேல் இருந்தன.

இந்தத் தடவை ராமசெல்வி இழுத்தாள். உடம்பில் இருந்த பலம் அத்தனையையும் கொண்டு இழுத்தாள். கால் வழுக்கியது. தோள் கண்ணாடியில் மோதியது. பிடி தளரவில்லை. "கவர விடும்மா, நீ விட்டாத்தானே நான் எடுக்க முடியும்," என்றாள் உள்ளேயிருந்த அம்மாள், சலித்துக்கொண்டு. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இடது தோளில் முந்தானையின் கனம் குறைந்தது.

திரும்பினாள். முந்தானை தரையில் கிடந்தது. மூன்று முடிச்சும் அவிழாமல். முடிச்சுக்குள் ஒரு சின்ன மணிக்கட்டின் அளவுக்கு வட்டம். வட்டத்திலிருந்து தண்ணீர் வடிந்தது.

வாசலுக்கு வெளியே காலை வெயில். நெடுஞ்சாலை. ஷாலு போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை. தலை குனிந்து, ஒரே சீராக, வலதுகையைத் தனக்கு முன்னால் தூக்கி நீட்டியபடி. அவளுக்கு முன்னால் யாருமில்லை. ஆனாலும் பூக்காரி கூடையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். சைக்கிள்காரர் ஒருவர் ஓரம் கட்டினார். பெரிய எதற்கோ வழி விடுவதுபோல் ஒவ்வொருவராக விலகினார்கள். விலகிவிட்டு, குனிந்து, தங்கள் துணியில் தெறித்த தண்ணீரைத் தட்டிக்கொண்டார்கள்.

கூப்பிட வாயைத் திறந்தாள். உப்பு. வாய் நிறைய உப்பு.

ஷாலு ரோட்டைக் கடந்தாள். கன்டெய்னர் லாரி நின்று அவளுக்கு வழி விட்டது. அந்தப் பக்கம் கடலுக்குப் போகும் சந்து. அவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த அம்மாள் உறையைப் பிடுங்கினாள். எடை பார்த்தாள். முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்திப் பின்னாலிருந்த சாக்குப் பைக்குள் போட்டாள்.